புலிக்கு வைத்த கண்

இமயத்தின் அடிவாரத்தில், குமாவூன் மலைகள் சமவெளியைத் தொடும் இடத்தில், கார்பெட் புலிகள் காப்பகம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே 260 புலிகள். நம் தேசத்தில் வேறெந்தக் காப்பகத்திலும் இத்தனை இல்லை. இது பெருமைப்படத்தக்க செய்தியே. ஆனால் அந்தக் காட்டோரத்துக் கிராமம் ஒன்றில் 2017ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவமும் உண்டு. அதைக் கேட்டபின் இந்தப் பெருமையில் ஒரு பகுதியையேனும் நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காட்டு மிருகங்களைப் படம் பிடிப்பதற்காக மரத்தில் கட்டி வைத்திருந்த தானியங்கிக் காமிரா ஒன்றில், இயற்கைக் கடன் கழிக்கச் சென்ற ஓர் ஏழைப் பெண்ணின் உருவம் பதிந்துவிட்டது. அப்பெண் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்தவர். காட்டிலாகாவில் தற்காலிக வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த சில வாலிபர்கள் கையில் அப்படம் கிடைத்தது. அவர்கள் அதை அழிக்கவில்லை. முகநூலிலும் வாட்ஸப்பிலும் ஊர் ஊராக அனுப்பி வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெண் எந்த ஊர், யார் மகள் என்பதெல்லாம் நமக்கு வேண்டுவதில்லை. அந்த அவமானத்தை நாமும் ஒரு முறை புதுப்பிக்க விரும்பவில்லை. செய்தி பரவியதும் கிராமத்தார் கொதித்தெழுந்தனர். கண்ணில் பட்ட காமிராக்களையெல்லாம் உடைத்துத் தீயிட்டனர்.

இச்சம்பவமும் இதைப்போன்ற பலவும் வெளி உலகுக்குத் தெரிய வந்தது 2024 நவம்பரில். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த த்ரிஷாந்த் சிம்லாய் என்ற இந்திய ஆராய்ச்சியாளர், தம் சகாவான பேராசிரியர் கிறிஸ் ஸாண்ட்புரூக்குடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். சிம்லாய் 14 மாதங்கள் அந்தக் காட்டோரத்திலேயே தங்கி, சுமார் 270 பேரிடம் பேசியவர். புலிகளைப் பற்றி ஆயிரம் நூல்கள் உண்டு. புலிகளைக் காணக் காட்டில் வைத்த கண்ணைப் பற்றி, அந்தக் கண்ணின் முன் வாழ்கிறவர்களிடம் சென்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

அவர் கண்டது யாது? அக்கிராமத்துப் பெண்களுக்குக் காடு என்பது விறகும் புல்லும் கிடைக்கும் இடம் மாத்திரமன்று. வீட்டில் மாமியாரின் கண்ணும், தெருவில் ஆண்களின் கண்ணும், குடித்துவிட்டு வரும் கணவனின் கையும் எட்டாத இடம் அது ஒன்றே. அங்கே கூட்டமாகப் போகிறார்கள். மனம் விட்டுப் பேசுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாத துயரத்தைத் தோழியிடம் சொல்கிறார்கள். பரம்பரையாக வந்த பாட்டுக்களைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. யானையும் புலியும் மனிதக் குரலைத் தூரத்திலேயே கேட்டு ஒதுங்கிப் போகும். புதருக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத காட்டில், உரக்கப் பாடிக்கொண்டு நடப்பதே அவர்கள் கைக்கொண்ட காவல்.

காமிராக்கள் வந்த பிறகு அவர்கள் குரலைத் தாழ்த்திக் கொண்டார்கள். எந்த மரத்தில் எந்தக் கண் இருக்கிறதோ, அது பார்க்கிறதா, கேட்கவும் செய்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? பழகிய பாதையை விட்டுக் காமிரா இல்லாத இடம் தேடி இன்னும் உள்ளே போனவர்களும் உண்டு. சிம்லாயிடம் காட்டைப் பற்றி ஆசையோடு பேசிய பெண்களில் ஒருவர், பின்னால் புலி தாக்கி இறந்தார். காமிராதான் அவரைக் கொன்றது என்று சொல்ல எவரிடமும் ஆதாரம் இல்லை, நாமும் சொல்லவில்லை. ஆயினும், பாடிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் வாய் மூடிப் போகும்படி ஒரு ஜனக்கூட்டத்தைச் செய்துவிட்டு, அதனால் ஒரு தீங்கும் இல்லை என்று சாதிப்பவர்களுக்கும் ஆதாரம் இல்லை.

இவை தவிர ஆளில்லாமல் பறக்கும் டிரோன்களும் இருக்கின்றன. புல் அறுக்கும் பெண்களின் தலைக்கு மேல் அவற்றை வேண்டுமென்றே பறக்க விட்டுக் காட்டிலிருந்து விரட்டினார்கள் என்பதும் அவ்வாராய்ச்சியில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவுக்கும், அங்கே விறகும் புல்லும் சேகரிப்பது அப்பெண்களின் சட்டபூர்வமான உரிமை.

காமிராவே வேண்டாம் என்று சொல்வோர் கட்சியில் நாம் இல்லை. அது ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. முன்காலத்தில் நம் தேசத்துப் புலிகளை அடிச்சுவட்டைக் கொண்டே எண்ணினார்கள். ஈரமண்ணில் பதிந்த சுவட்டைக் கண்ணாடியில் வரைந்து, இது இன்ன புலி, அது வேறு புலி என்று காவலர்கள் தீர்மானித்தார்கள். மேலதிகாரியின் மனம் குளிரச் சுவடுகள் பெருகுவதும் வழக்கமாயிற்று. 2005ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்து ஸரிஸ்கா காப்பகத்தின் நிலை அம்பலமாயிற்று: தாளில் புலிகள் உலவின, காட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் வேட்டைக்காரர்கள் கொன்று தோலையும் எலும்பையும் விற்றிருந்தார்கள். அடிச்சுவட்டுக் கணக்கின்படி 2002இல் தேசம் முழுவதும் 3,642 என்றிருந்த புலிகள், காமிரா கொண்டு எண்ணிய 2006ஆம் ஆண்டுக் கணக்கில் 1,411 ஆயின. நான்கு வருஷங்களில் அத்தனையும் செத்துவிடவில்லை, பொய்க்கணக்கு மெய்க்கணக்காயிற்று. அந்த அளவில் காமிரா தேசத்துக்குச் செய்த உபகாரத்தை நாம் மறுக்க மாட்டோம்.

குமாவூன் காடுகளுக்கோ இக்கருவி புதியதும் அன்று. எப்.டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயக் காட்டிலாகா அதிகாரி 1920களிலேயே, புலி தன் காலால் கம்பியை இடறித் தானே படம் எடுத்துக் கொள்ளும்படியான காமிராக்களை ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் அமைத்தார். சுடுவதற்குப் பதில் படம் எடுங்கள் என்று துப்பாக்கி தூக்கிய கனவான்களிடம் வாதாடியவர் அவர். ஓர் ஆசாமி, சில பெட்டிகள், சில படங்கள் என்றிருந்த விஷயம் இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். 2018-19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் கட்டப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3,48,58,623. அவற்றில் புலியின் படங்கள் 76,651. சிறுத்தையின் படங்கள் 51,777. உலக சாதனை என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிற்று. உஷ்ணமுள்ள உடல் எதிரே அசைந்தால் படம் எடுப்பதே இக்கருவியின் தர்மம். அதற்குப் புலியும் ஒன்றே, புல் சுமக்கும் பெண்ணும் ஒன்றே.

இவ்வாறு தற்செயலாக அகப்படும் மனிதர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டிய மீனோடு வேண்டாமல் வலையில் விழும் மீனுக்கு வழங்கும் ஆங்கிலச் சொல் அது. பெயரிலேயே மனோபாவம் தெரிகிறது. 2018இல் இதே ஸாண்ட்புரூக்கும் அவர் சகாக்களும் பல தேசங்களில் காமிரா வைத்து ஆராயும் 235 பேரை விசாரித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளில் மனிதர் படம் விழுந்திருந்ததாகத் தெரிந்தது. பெரும்பாலோர் அதை நாடி வைத்ததில்லை. ஆனால் விழுந்த படத்தைப் போலீஸிடமும் பத்திரிகைகளிடமும் கொடுத்த சம்பவங்களும் வெளிவந்தன. வலையில் வேண்டாமல் விழுந்த மீனைக் கடலில் திருப்பி விடாமல் சந்தைக்குக் கொண்டு போனார்கள் என்பதே இதன் பொருள்.

இங்கேதான் நமது பிரதான கேள்வி எழுகிறது. மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதானால் அவர் மனமறிந்து சம்மதிக்க வேண்டும் என்ற விதி 1947இல் நியூரம்பர்க் தீர்ப்பிலே பிறந்தது. நாஜி வைத்தியர்கள் கைதிகள் மேல் நடத்திய கொடுமைகளைக் கண்டு நடுங்கிய உலகம் அதை எழுதி வைத்தது. நம் தேசத்திலும் மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த நெறிகள் உள்ளன. சமூக ஆராய்ச்சிக்காக ஒரு கிராமத்துப் பெண்ணிடம் “தினம் எத்தனை கட்டு விறகு எடுப்பீர்கள்?” என்று ஒரே கேள்வி கேட்க வேண்டுமானாலும், பெரிய சர்வகலாசாலை மாணவர் தம் குழுவிடம் அநுமதி வாங்கி, அப்பெண்ணிடம் சம்மதமும் பெற வேண்டும். ஆனால் அதே பெண் போகும் பாதையில் ஒரு பெட்டியைக் கட்டி, மாதம் முழுவதும் அவளை இருபது தடவை படம் பிடிக்கப் பெரும்பாலும் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ஏனெனில் அது வனவிலங்கு ஆராய்ச்சி! ஒரு மிருகத்தைப் பிடித்து மயக்க மருந்து கொடுத்துக் கழுத்துப் பட்டை மாட்டுவதானால் அந்த மிருகத்துக்குத் துன்பம் உண்டாகுமா என்று கேட்க விதி இருக்கிறது, கேட்பதும் சரியே. மிருகத்துக்குக் கேட்கும் அந்தக் கேள்வியை மனிதருக்குக் கேட்பார் இல்லை.

மேல்நாட்டில் இது எப்படி நடக்கிறது? 2012இல் ஆஸ்திரியா தேசத்துக் காரிந்தியா மாகாணத்தில், காட்டில் வைத்திருந்த காமிரா ஒன்றில் ஓர் அரசியல்வாதி, பிறர் பார்க்கத் தகாத நிலையில் அகப்பட்டார். அவர் பெயர் வெளிவரவில்லை. காமிரா வைத்தவர்கள் அறிவிப்புப் பலகை வைத்தார்களா, சட்டப்படி பதிவு செய்தார்களா, அகப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கலாமா என்றே பேச்சு எழுந்தது. காடும் காமிராவும் ஒன்றுதான். படத்தில் விழுந்தவர் யார் என்பதைப் பொறுத்தே நியாயம் மாறுகிறது.

நம் சட்டம் ஊமையாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். கார்பெட் காட்டோரத்தில் அந்தப் பெண்ணின் படம் ஊர் சுற்றிய அதே வருஷத்தில் என்பது கவனிக்கத்தக்கது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் ஒரு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் எந்த மனிதரைக் குறித்தும் தனியாக ஒரு முடிவெடுக்க அத்தகவலைப் பயன்படுத்தக் கூடாதென்பது அவ்விலக்கின் நிபந்தனை. ஆகவே காட்டிலாகாவார் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். புலியை எண்ணவே எடுத்தோம் என்றால், அப்படத்தைக் காட்டி விறகு பொறுக்கியவளை அபராதம் கேட்க வழியில்லை. அவளைப் பிடிக்கவே எடுத்தோம் என்றால், ஆராய்ச்சி என்ற போர்வையைக் கழற்றிவிட வேண்டும். ஒரே பெட்டியைப் பகலில் விஞ்ஞானியாகவும் இரவில் போலீஸ்காரனாகவும் வேலை வாங்குவது தகாது.

வறிய தேசங்களின் காடுகளில் இந்தக் கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. உகாண்டாவில் பிவிண்டிக் காட்டை 1991இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். உலகில் உள்ள மலைக் கொரில்லாக்களில் ஏறக்குறையப் பாதி அங்கேயும் அதை ஒட்டிய காட்டிலும் வாழ்கின்றன. அவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டியதைக் கண்டு உலகமே மகிழ்ந்தது. ஆனால் அக்காட்டிலேயே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல தேசத்து ஆராய்ச்சியாளர்களும் பிரயாணிகளும் உள்ளே போனார்கள். காட்டுக்குரியவர்கள் வெளியே நின்றார்கள். அவர்கள் சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டார்கள் என்று உகாண்டாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்ல 2021ஆம் வருஷம் வரையில், அதாவது முப்பது வருஷங்கள், ஆயின. கொரில்லா பெருகியதும் உண்மை. பட்வாக்கள் நிலமிழந்ததும் உண்மை. முதல் உண்மையை உலகம் வருஷந்தோறும் எண்ணிப் பார்க்கிறது. இரண்டாவதை எண்ண யார் காமிரா வைத்தார்கள்?

குமாவூனுக்கே திரும்புவோம், அந்த மக்களின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இவ்விஷயம் இன்னும் உறைக்கும். வெள்ளைக்கார சர்க்கார் அம்மலைக் காடுகளை ரிஸர்வ் ஆக்கிப் புல்லுக்கும் விறகுக்கும் கட்டு விதித்தபோது, 1921இல் குமாவூன் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவ்வருஷம் ஜனவரியில் பாகேசுவரத்தில் கூலி பேகார் என்ற கட்டாய ஊழியத்தின் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தவர்களும் அவர்களே. பல காடுகள் தீக்கிரையாயின. சர்க்கார் பணிந்து குறை கேட்கும் கமிட்டி ஒன்றை நியமித்தது. 1931இல் வனப் பஞ்சாயத்துக்கள் சட்டப்படி பிறந்தன. அதற்கு ஐந்து வருஷம் கழித்தே, 1936இல், ஒரு முன்னாள் கவர்னரின் பெயரால் ஹெய்லி தேசியப் பூங்கா ஏற்பட்டது. அதுவே இன்றைய கார்பெட். அதே மலைத்தொடரில் சற்று வடக்கே, ரேணி கிராமத்தில், 1974 மார்ச்சு மாதம் ஆண்கள் ஊரில் இல்லாத வேளையில் கௌரா தேவியும் 27 பெண்களும் கோடரிக்காரர்களை மறித்து நின்று மரங்களைக் காத்தார்கள். காட்டைக் காக்க அம்மலைப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பெட்டி, காட்டின் மிகப் பழைய காவல்காரர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

கேட்டுவிட்டுக் காமிரா வைத்தால் திருட்டு வேட்டைக்காரனுக்கு இடம் தெரிந்துவிடுமே என்று ஆக்ஷேபிப்போர் உண்டு. கேட்கத்தக்க ஆக்ஷேபம்தான், ஆனால் காட்டோரத்து வாழ்க்கையை அறியாதவர் சொல்வது. எந்த மரத்தில் எந்தப் பெட்டி இருக்கிறதென்பது கட்டிய மறுநாளே ஊருக்குத் தெரியும். அங்கே நடக்கிறவர்கள் அவர்கள்தாமே. வெளியூர் வேட்டைக்காரன் வந்தால் முதலில் காண்பவர்களும் அவர்களே. அவர்களைப் பகைத்துக்கொண்டு ஆயிரம் பெட்டி கட்டுவதைவிட, அவர்களை நம்பி நூறு பெட்டி கட்டுவது புலிக்கும் க்ஷேமம். உடைத்து எரிக்கப்பட்ட காமிராக்கள் எந்தப் புலியை எண்ணின?

இன்னும் சிலர், காப்பகத்தின் நடுக்காட்டில் மனிதர் போகவே கூடாதே, போனவர் படத்தில் விழுந்தால் யார் பொறுப்பு என்பார்கள். போனது குற்றமானால் அதற்குக் கோர்ட்டு இருக்கிறது. வாட்ஸப் எந்தச் சட்டத்தின் கீழும் கோர்ட்டாக நியமிக்கப்படவில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அன்று. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு, காட்டையும் அதிலுள்ள விலங்குகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்திருக்கிறது. ஆகையால் கிராம சபையைக் கூட்டி, எத்தனை காமிரா, எந்தத் திசையில், எத்தனை நாளைக்கு, படங்களைப் பார்ப்பவர் யார் என்று சொல்லிச் சம்மதம் பெறுவது தயவு தாட்சணியமன்று, அச்சபைக்குரிய மரியாதை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருக்க வேண்டும். பேசவும் வேண்டும். அவர்கள் விறகெடுக்கும் பாதை, நீர்த்துறை, ஒதுங்கும் இடம் இவற்றைச் சுட்டிக் காட்டினால் அங்கெல்லாம் பெட்டி கட்டலாகாது. விழுந்த மனிதர் படத்தை யாரும் பார்க்கும் முன்னரே பிரித்தெடுத்து அழிக்கக் கருவி இல்லையென்றும் சொல்ல முடியாது. ஒரு படத்தில் இருப்பது மிருகமா, மனிதரா, வண்டியா என்று தானே பிரிக்கும் மெகாடிடெக்டர் போன்ற கம்ப்யூட்டர் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2020இல் கௌஸ்துப் சர்மா முதலிய வனவிலங்கு ஆராய்ச்சியாளர்களே இத்தகைய நெறிமுறை ஒன்றை எழுதி வெளியிட்டும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் ஸ்தாபனங்களும் கட்டுரைகளை வெளியிடும் பத்திரிகைகளும், கிராம சபையின் சம்மதத்தைக் காட்டாத ஆராய்ச்சியை ஏற்பதில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரே வருஷத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

படத்தை வெளியே விட்டவர்கள் தற்காலிக ஊழியர்கள்தாமே என்று கையைக் கழுவுவதும் இனி ஆகாது. பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும், படத்தைப் பிரதி எடுப்பவருக்கு என்ன தண்டனை என்பதை நியமன உத்தரவிலேயே எழுத வேண்டும். மேலதிகாரியும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

புலிக் கணக்கெடுப்பு நான்கு வருஷத்துக்கு ஒரு முறை தேசம் முழுவதும் நடக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் களக்காட்டிலும் இதே பெட்டிகள்தாம் கட்டப்படுகின்றன. அங்கேயும் விறகெடுக்கவும் தேனெடுக்கவும் போகிற மக்கள் இருக்கிறார்கள். ஆதலால் இது எங்கோ வடக்கே நடந்த சங்கதி என்று நம் சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இருந்துவிடலாகாது. 2006 முதல் இதுவரை நடந்த கணக்கெடுப்புகளில் விழுந்த மனிதர் படங்கள் எத்தனை, அவை இப்போது எந்த இடத்தில் யார் வசம் இருக்கின்றன, எத்தனை அழிக்கப்பட்டன, எத்தனை படங்களைக் கொண்டு யார் யார் மேல் வழக்குத் தொடரப்பட்டது என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே அவர்கள் கேள்வி அனுப்பலாம். பதில் சொல்ல வேண்டியவர்கள் மந்திரிகள்.